கால் சுற்று... கடைசி மூச்சு!

போன் அலறியது.

ஈரக் கையோடு எடுத்தாள் சின்னவள்.

டைவிங் கற்றுத்தரும் பள்ளி அது. அக்காவும் அவளும் சேர்ந்து நடத்தினார்கள். போன மாதம் அக்கா கடலுக்கடியிலேயே செத்துப்போனாள். அவளுடைய ரப்பர் உடுப்பு இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. கழற்ற மனசு வரவில்லை.

"இன்ஸ்பெக்டர் பேசறேம்மா. உங்க அக்கா டேங்க்கோட ரிப்போர்ட் வந்திருச்சு. பாதிக்கு மேல காத்து இருந்திருக்கு!"

"என்ன சார் சொல்றீங்க? காத்து இல்லாமத்தானே செத்தா?"

"அதான் எனக்கும் மண்டை காயுது. வால்வு முழுசா திறந்திருக்கு. எல்லாம் சரியா இருக்கு. அந்த நேரத்துல பக்கத்துல இருந்தது யாரு?"



"அத்தான்..."

அக்காவின் கணவர். கடலடியில் போட்டோ எடுப்பவர்.

"இன்னைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கார் சார். தெற்குப் பாறைக்கு அந்தப் பக்கம் அக்கா எதையோ பார்த்தாளாம். வா, போய்த் தேடலாம்ங்கறார்."

"போங்க. எங்க படகு தள்ளி நிக்கும். மேல வந்ததும் விசில் ஊதுங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க!"

மூச்சைப் பற்றிப் பேச நேரம் பார்த்தார் மனிதர்!

*

எப்போதும்போல் படகை ஓட்டியவர் கேப்டன்.

அப்பா காலத்து ஆள். சின்னவளுக்கு நீச்சல் பழக்கியவரே அவர்தான். அவர் மணிக்கட்டில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு. அதன் மறுமுனை இன்ஜினில் செருகியிருந்தது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் நின்றுவிடும்.

முன்பக்கம் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார் அத்தான்.

"மாமா..." என்றாள் கேப்டனிடம், கிசுகிசுப்பாக. "பயமா இருக்கு."

"யாரைப் பார்த்து? அவனையா?"

"ம்... தெற்குப் பாறைக்குப் போலாம்ங்கறார்."

கேப்டன் முன்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தோளில் தட்டினார்.

"நான் மேல இருக்கேன்ல பாப்பா? தைரியமா போ. அவன் கை மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ. அது போதும்."

டேங்கைத் தூக்கி அவள் முதுகில் மாட்டினார். பின்கழுத்தருகே வால்வு திரும்பும் சத்தம்.

கிறிக்... கிறிக்...

"முழுசா திறந்து, கால் சுத்து பின்னால திருப்பிட்டேன். அப்பதான் இறுகிக்காது. உங்கப்பாவுக்கும் இப்படித்தான் செஞ்சு குடுப்பேன்!"

புதிதாக வருகிறவர்களிடம் சின்னவள் தினமும் தொண்டை கிழியக் கத்துவது ஒன்று உண்டு. 'காத்து மீட்டரைப் பார்த்துக்கிட்டே மூச்சு இழுங்க. முள் ஆடக் கூடாது!'

இன்று அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. அத்தானின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொபீர்!

*

கலங்கல் தண்ணீர். கையை நீட்டினால் விரல் மங்கியது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தது. இறங்க இறங்கச் சில்லிப்பு எலும்பைத் தொட்டது. பாறை இடுக்கில் ஒரு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடியது.

அத்தான் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போய் மறுபடி திரும்பிப் பார்த்தார்.

ஏன் இப்படிப் பார்க்கிறார்...?

தெற்குப் பாறையைத் தாண்டினார்கள். சின்னவள் திகைத்தாள். வெறும் மணல்! கடல் அட்டைகள் மண்டிக்கிடக்கும் இடம் இது. வெளிநாட்டில் நல்ல விலை போகும்; ஆனால் பிடிக்கத் தடை. இப்போது ஒன்றுகூட இல்லை!

அத்தான் பாறைக்கு அடியில் கையை விட்டு எதையோ இழுத்தார்.

வலைப் பை. உள்ளே தடித்தடியாக அட்டைகள்!

திருட்டு! அக்கா பார்த்தது இதைத்தான்! திருடனே அவளைக் கொன்றிருக்கிறான்! அப்படியென்றால்...

மூச்சை இழுத்தாள்.

வரவில்லை!

மறுபடி இழுத்தாள். அடைத்த உறிஞ்சுகுழலில் வருவதுபோல் ஒரு துளி வந்தது. அவ்வளவுதான்.

அத்தான் அவளை நோக்கிப் பாய்ந்தார்.

உதைத்தாள். பிறாண்டினாள். அவர் விடவில்லை. சுற்றி வளைத்து அவள் பின்னால் போனார். அவர் கை பின்கழுத்துக்கு வந்தது.

முடிந்தது... அக்கா... நானும் வர்றேன்...

கண் இருட்டும்போதுதான் மீட்டர் தெரிந்தது. இழுத்தால் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. விட்டால் ஏறியது. காற்று இருக்கிறது! வர வழிதான் இல்லை!

கிறிக்.

குபுகுபுவென்று காற்று நெஞ்சுக்குள் பாய்ந்தது.

அத்தான் வால்வைத் திறந்துவிட்டிருந்தார்.

இடுப்பிலிருந்த சின்னப் பலகையில் அவர் பென்சிலால் எழுதினார்.

'மூடிட்டு, கால் சுத்துதான் திறந்திருக்கு. மேல அது போதும். ஆழத்துல போதாது. அக்காவுக்கும் முள் இப்படித்தான் ஆடுச்சு. அன்னைக்குப் புரியல.'

 அன்று அக்காவைப் படகில் தூக்கிப்போட்டு டேங்கைக் கழற்றியது யார்? சத்தமில்லாமல் வால்வைத் திறந்துவைத்தது யார்?

மாமா... மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டாளே!

பென்சிலைப் பிடுங்கினாள்.

'நான் முதல்ல போறேன். விசில் கேட்டதும் வாங்க.'

*

சிவப்புக் கயிற்றை மணிக்கட்டிலிருந்து கழற்றித் தொங்கவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்த கேப்டன், அவள் தலையைப் பார்த்ததும் பேயறைந்ததுபோல் ஆனார்.

"பாப்பா! நீ... நீயா?"

"மாமா... அத்தான் என் கழுத்தைப் பிடிச்சிட்டார்... கீழேயே விட்டுட்டு வந்துட்டேன்..."

நடுக்கம் நடிப்பில்லை. பற்கள் தந்தியடித்தன.

"ஒழிஞ்சான் சனியன்! ஏறு, ஏறு!"

கைகொடுத்துத் தூக்கினார். பிறகு, குரலை இறக்கிக் கேட்டார்.

"பாறைக்கு அந்தப் பக்கம்... எதையாவது பார்த்தியா?"

"எதை மாமா?"

 அவருடைய விரல்கள் மெல்ல அவள் பின்கழுத்துக்குப் போய் வால்வைத் தடவின.

"இதை யாரு திறந்தது?"

அவரது இன்னொரு கை கொக்கிக் கம்பியை எடுத்தது!

சின்னவள் சிவப்புக் கயிற்றை வெடுக்கென்று பிடுங்கினாள். இன்ஜின் செத்தது. கயிறு கடலுக்குள் பறந்தது.

விசிலை ஊதினாள்... உயிரையே ஊதுவதுபோல் ஊதினாள்!

"அக்காவும் இப்படித்தான் துருதுருன்னு இருந்தா. போனா. நீயும் போ!"

கம்பி உயர்ந்தது.

சொத்!

பின்னாலிருந்து பறந்து வந்த வலைப் பை கேப்டனின் மூஞ்சியில் அடித்தது. அட்டைகள் தளமெல்லாம் சிதறின. வழுக்கி, மல்லாக்க விழுந்தார். ஏணியில் அத்தான்!

போலீஸ் படகு சீறிக்கொண்டு வந்து ஒட்டியது. இன்ஸ்பெக்டர் விலங்கோடு அத்தானிடம் நேராகப் போனார்.

"சார், ஆளு மாறிப்போச்சு!" என்று அலறினாள் சின்னவள். "கொலைகாரன் கீழ வழுக்கிக் கிடக்கான்!"

பிறகு அத்தானைப் பார்த்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தான். நான் உங்களைத்தான்..."

"தெரியும். படகுல என் கையையே முறைச்சுக்கிட்டிருந்தியே. அவளைத் திரும்பிப் பார்க்காம விட்டேன்மா. உன்னையும் விடக் கூடாதுன்னுதான் பார்த்துப் பார்த்துப் போனேன்."

விலங்கு மாட்டிய கேப்டன் விசும்பினார்.

"பாப்பா... வயசான காலத்துல உள்ள போட்டுப் பூட்டிருவாங்க. அந்தச் சின்ன ரூம்ல மூச்சு முட்டிச் செத்துருவேன்!"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பூட்டறதுல அவங்க உங்களை மாதிரி இல்ல கேப்டன். முழுசா மூடுவாங்க... கால் சுத்துகூடத் திருப்ப மாட்டாங்க!"