ஒற்றைக் குளம்பு

நாலு கால் உள்ள மிருகம் நாலு குளம்பையும் பதித்துப் போக வேண்டும். இது ஒன்றையே பதித்துப் போயிருந்தது.

ஹார்லனுக்கு அது உறைக்க முக்கால் மணி நேரம் ஆனது. பெரிய தடத்தைக் கண்டால் எந்த வேட்டைக்காரனுக்கும் வருகிற ஆசை அவன் கண்ணை மறைத்திருந்தது. வயோமிங் மலையில் எல்க் மான் வேட்டை தொடங்க இன்னும் மூன்று வாரம். இப்போது வெறும் நோட்டம்தான், துப்பாக்கி கிடையாது. மனைவி மெர்லாவின் அண்ணன் வெண்டல் எதிர்முகட்டில் தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்க, ஹார்லன் கீழே தரையைப் படித்துக்கொண்டு நடந்தான்.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"என்ன மாப்ள, குனிஞ்ச தலை நிமிரல? மெர்லா போட்ட மோதிரத்தத் தொலைச்சிட்டியா?"

"பெருசு மச்சான். என் உள்ளங்கை அகலம். நேத்துதான் போயிருக்கு."

"அப்போ பள்ளத்துக்குள்ள எறங்கு. நான் பாத்துக்கிறேன்."

இறங்கினான். வெயில் பின்னாலேயே நின்றுவிட்டது. ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஈரப்பாசியும் பிசினும், அவற்றுக்கு அடியில் நாள்பட்ட இறைச்சி போல ஒரு வாடையும் கலந்து வர, எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர ஓர் அணில்கூடக் கத்தாத அந்த நிழலில், தடங்கள் மட்டும் அழைத்துப் போவது போல முன்னே முன்னே போயின.

ஈரமண் வந்தது. மேலே புழுதியில் தெரியாதது இங்கே தெளிவாகத் தெரிந்தது. குளம்பின் இடது நுனியில் ஒரு சில்லு உடைந்திருந்தது. அடுத்த தடத்திலும் அதே உடைசல். அதற்கடுத்ததிலும்.

வழியில் ஒரு புழுக்கை இல்லை. புல் கடித்த அடையாளம் இல்லை. தடங்களின் ஓரத்தில் கிடந்த ஊசியிலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. யாரோ தன் பூட்ஸ் அடையாளத்தைக் கிளையால் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த உடைசலை அவனுக்குத் தெரியும்.

வெண்டல் வீட்டு வாசல் சுவரில் கோட்டு மாட்ட நாலு எல்க் குளம்புகள் அடித்திருக்கும். மூன்றாவதுதான் ஹார்லனின் கொக்கி. பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போனால் அந்த உடைந்த நுனியில்தான் கோட்டை மாட்டுவான். போன ஞாயிறு அங்கே வெறும் ஆணி ஓட்டை.

'லூசாயிருச்சு மாப்ள, கழட்டி வச்சிருக்கேன்' என்று சொல்லி, தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தான் வெண்டல்.

காலையில் ஹார்லனின் கரடி விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அவன்தான். 'என்னோடது காலி.'

ஹார்லன் வாக்கிடாக்கியை எடுத்தான்.

"மச்சான்... செவுத்துல இருந்த குளம்பு எங்க?"

இரைச்சலுக்கு நடுவே வெண்டலின் குரல் வந்தது.

"கண்டுபுடிச்சிட்டியா? நீ கெட்டிக்காரன்னு மெர்லா அப்பவே சொன்னா."

"என்ன வெளையாட்டு இது?"

"போன வருஷம் டோபினோட வந்தேன்ல..."

டோபின் வெண்டலின் கூட்டாளி. வேட்டைக்குப் போன இருவரில் வெண்டல் மட்டும் திரும்பி வந்தான். அவன் கைகாட்டிய பள்ளத்தாக்கில் ஊரே எட்டு நாள் தேடியது. ஹார்லனும் தொண்டை கிழியக் கூப்பிட்டான். அந்தப் பள்ளத்தாக்கு இங்கிருந்து இருபது மைல்.

"ரெண்டு பேரையும்தான் பாத்துச்சு. ஒருத்தன எடுத்துக்கிச்சு. என்னைய சும்மா விடல மாப்ள, இன்னொருத்தனக் கேக்குது. மெர்லாவ நான் பாத்துக்கிறேன்."

இரைச்சல் நின்றது.

ஹார்லன் திரும்பினான். வந்த வழி செங்குத்து. இடது பக்கம் சேற்றுக்குழி. அதன் கரையில் கொம்பு உரசிப் பட்டை கிழிந்த மரம், பிசின் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. எல்க் உரசினால் மனிதன் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். இது அவன் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருந்தது. பிசினில் முடி ஒட்டியிருக்கவில்லை. ஆரஞ்சு நிறக் கம்பளி நூல் ஒட்டியிருந்தது.

டோபின் குல்லாய் போட்டிருந்தான். ஆரஞ்சு நிறம்.

அப்போது முகட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெண் எல்க்கின் குழைவான அழைப்பு. வெண்டல் ஊதுகுழலை வாயில் வைத்துவிட்டான்.

ஜோடியாக வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. அழைப்பவன் பின்னால். சுடுகிறவன் முன்னால். அழைப்புக்கு வருகிற மிருகம் முன்னால் இருப்பவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இத்தனை வருஷமும் ஹார்லன்தான் முன்னால் நின்றான். கையில் துப்பாக்கியோடு.

பள்ளத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. எல்க்கின் குரல்தான், ஆனால் கற்றுக்கொண்டு பேசுகிற மாதிரி. முடிவில் மூச்சு தவறியது. மனிதனுக்குத் தவறுகிற மாதிரி.

ஓடலாம்.

எந்தப் பக்கம் என்று சுற்றிப் பார்த்தான்.

சேற்றுக்குழிக்கு அப்பால் இரண்டு பட்டமரங்கள் அருகருகே நின்றன. வந்ததிலிருந்தே அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இலையில்லாத, வெளுத்த, நுனி கூர்ந்த கிளைகள்.

முகட்டில் கண்ணாடியின் மினுக்கம் ஒருமுறை தெரிந்து அணைந்தது. வெண்டல் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அழைப்பை மட்டும் நிறுத்தவில்லை.

காற்று இல்லை.

கிளைகள் திரும்பின.

இரண்டும் ஒன்றாக. மெல்ல. அவன் பக்கமாக. பிறகு, தரையில் தடம் தேடுகிறவன் குனிவது போல, அவனை நோக்கிக் குனிந்தன.

ஒரு கொம்பு நுனியில் ஆரஞ்சுக் குல்லாய் ஆடிக்கொண்டிருந்தது.