மெழுகுத் தகட்டைக் கடித்தது யார்?

சார்ஜ்: 41

ராணிகளைக் காணோம் என்ற செய்தி மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கேன்டீன் மேசைமேல் இருந்த பேட்டரியில் சார்ஜ் நாற்பத்தொரு சதவீதம் ஏறியிருந்தது.

கேன்டீனை ஒட்டிய தையல் கடையில் மெஷின் சட்டென்று நின்றது. தையல்காரம்மாவின் மெஷின் காரணமில்லாமல் நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது குரலைத் தாழ்த்தினால் நிற்கும். இன்று குரலைத் தாழ்த்தியது கேன்டீனில் டீ போடும் அவள் கணவரே.

"என்னங்க? போன்ல யாரு?"

"முதலாளியம்மா. ராணித் தேனீப் பெட்டி காணாமப் போச்சாம்." டீ ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. "நம்ம சின்னவளைத்தான் சொல்றாங்க. ஸ்டேஷனுக்குப் போன் போட்டாச்சாம். ஏட்டு மத்தியான பஸ்ல வராராம், கூட்டிட்டுப் போக."

சின்னவள் அவருடைய தங்கை. தையல்காரம்மாவுக்கு நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்று பல மாதம் ஆகிறது. அண்ணி தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே, "கையைத் தூக்கினா மூச்சு முட்டுது" என்று சின்னவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து உப்பு எங்கே என்பதைக்கூட இருவரும் அவர் வழியாகத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

"அவளுக்கு வாய் நீளம்," என்றாள் தையல்காரம்மா, கடைக்கும் கேன்டீனுக்கும் நடையாய் நடந்தபடி. "கை நீளம் கிடையாது."

நடந்தது இவ்வளவுதான். தேனீப் பண்ணை அடிவாரத்தில். வேலை செய்பவர்களின் வீடு, கேன்டீன், ஸ்டோர் எல்லாம் மேட்டில். நடுவே செங்குத்தான மண்பாதை. இறங்க நல்ல அரைமணிக்கு மேலாகும். ஏற எவ்வளவு ஆகும் என்று யாரும் சொன்னதில்லை, சொல்ல மூச்சு இருக்காது. ரேடியோவில் எட்டு மணிச் செய்தி தொடங்கியபோது முதலாளியம்மா ராணிகளுக்குத் தண்ணீர் சொட்டு வைத்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குப் போனார். எட்டரைக்கு ராணிகளை வாங்கிப்போக வெளியூர் வேன் வந்தது. பெட்டி இல்லை. தீப்பெட்டி அளவுக் கூண்டுகளில், கூண்டுக்கு ஒன்றாக, ஒரு வருஷம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த சாது இனத்து ராணிகள். அந்த நேரத்தில் கீழே இருந்தது முதலாளியம்மாவும் சின்னவளும் மட்டும்.

"ஸ்டோர்க்காரன் எங்க இருந்தான்?"

"செய்தி ஆரம்பிக்கிறப்பதான் இங்கேருந்து நடந்து கிளம்பினான். கீழ போய்ச் சேர்ந்தப்ப எட்டே முக்காலாம். அதுக்குள்ள களேபரம் முடிஞ்சு போச்சு."

"பைக்ல போகலையா?"

"எதை வச்சுப் போவான்? பேட்டரி இங்கல்ல மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கு!"

அது உண்மை. காலையிலிருந்து கேன்டீனுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பேட்டரியை முறைத்துக்கொண்டுதான் டீ குடித்தார்கள்.

பண்ணையின் எலக்ட்ரிக் டர்ட் பைக்குக்குப் பெயர் பூனை. வந்த புதிதில் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று எல்லோரையும் அலறவைத்ததால் வந்த பெயர். தேனீக்களுக்குப் புகையும் ஆகாது, எஞ்சின் இரைச்சலும் ஆகாது. பூனை கூடுகளை உரசிக்கொண்டு போனாலும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. பெட்டி சுமக்கும், குழாய் உடைந்தால் ஓடும், காய்ச்சல்காரருக்கு மருந்து ஏற்றி வரும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் போதும், மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் சார்ஜையும் திருப்பிக் கொடுக்கும். இவ்வளவு நல்ல பிள்ளைக்கு வீம்பும் உண்டு. ஏற்றத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பாதியில் படுத்துவிடும். அறுபது காட்டும் சார்ஜ் ஒரு வளைவு தாண்டினால் முப்பதாகும். நம்பர் பிளேட் இல்லை, தார் ரோட்டில் தலைகாட்ட முடியாது. கேன்டீன் பிளக்கில் மட்டும்தான் ஒழுங்காகக் கரண்ட் வரும், அதுவும் ஆடி அசைந்து. ஆகவே உயிர் போன இடத்தில் ஒரு மரத்தடியில் பூனையை விட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் கழற்றித் தூக்கி வருவது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

நேற்றும் அப்படித்தான் என்றான் ஸ்டோர்க்காரன். பூனையின் சாவி அவனிடம்தான். கஞ்சி போட்ட சட்டை மடிப்புக் கலையாமல் நடப்பதால் அவனுக்குக் கஞ்சிச்சட்டை என்று பெயர். "சாயங்காலம் கீழயே செத்துப்போச்சு. பேட்டரியைத் தோள்ல போட்டு ஏறி வந்தேன்" என்று காலையில் எல்லோரும் பார்க்கத் தோளைத் தேய்த்துக்கொண்டான்.

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் கடைக்கு வந்து, தைத்த பேண்ட்டை வாங்கிப் போனது தையல்காரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் சட்டை இஸ்திரிப் பெட்டியிலிருந்து இறங்கின சூட்டோடு இருந்தது.

தைத்து முடித்த தேனீ முகவலைகளைப் பையில் திணித்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

சார்ஜ்: 58

பாதி வழியில் கஞ்சிச்சட்டை எதிரே ஏறி வந்தான்.

"என்னக்கா, இவ்வளவு வேகம்?"

"முகவலை கேட்டிருந்தாங்க. நீ எங்க?"

"பேட்டரி எடுக்க. பைக்கைக் கிளப்பி மேற்குக் காட்டுப்பாதை பூரா தேடப்போறேன். அந்தப் பக்கம்தான் யாருக்காவது கை மாத்தியிருப்பா." உங்க நாத்தனார் என்பதை அவன் சொல்லவில்லை, பார்வையால் சேர்த்துக்கொண்டான்.

"அந்தப் பக்கம் அடுத்த பண்ணைதானே இருக்கு?"

"அதாங்க்கா சொல்றேன்." மேலே ஏறினான்.

தையல்காரம்மா கணவருக்குப் போன் போட்டாள். "என்னங்க, சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்குன்னு எனக்குச் சொல்லிட்டே இருங்க."

"எதுக்கு?"

"எனக்கே தெரியல. மனசு நிலைகொள்ள மாட்டேங்குது. சொல்லுங்க."

கீழே வேன் போய்விட்டிருந்தது. முதலாளியம்மா கொட்டகை வாசலில் கூண்டுப்புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார். கவிழ்த்த பெட்டிமேல் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அடுத்த அழுகைக்குக் காத்திருந்த முகம். அவளுடைய பையையும் வேலை செய்யும் இடத்தையும் கொட்டிக் கவிழ்த்துத் தேடியாகிவிட்டது. ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே அவள் பெரிய கைகாரி என்று ஆகிவிட்டது.

"என்ன குறை வச்சேன் இவளுக்கு?" என்று முதலாளியம்மா ஆரம்பித்தார். "வேலைலயாவது கவனம் உண்டா? இதைப் பாரு, புதுத் தகடு. வெயில்ல போட்டு உருக்கி வச்சிருக்கா."

தேனீக்கள் கூடு கட்டத் தொடங்குவதற்காகச் சட்டத்தில் பொருத்தும் மெல்லிய மெழுகுத் தகடு அது. ஓரத்தில், பெரிய எலி கடித்ததுபோல் பிறை வடிவில் கரைந்திருந்தது.

தையல்காரம்மா வானத்தைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து சூரியன் போர்வையை விலக்கவே இல்லை.

"இதை எங்க வச்சிருந்தாளாம், கேளுங்கம்மா."

"உங்க அண்ணி கேக்கறா..."

"காது கேக்குது," என்றாள் சின்னவள். "ஓடையில சட்டம் அலசிட்டு வந்தேன். கை நிறைய சாமான். வைக்க இடமில்லாம, மரத்தடில நின்ன வண்டிச் சக்கரத்துல சாய்ச்சு வச்சேன்னு சொல்லுங்க. வச்ச கையோட வேன் வந்துடுச்சுன்னும் சொல்லுங்க."

"காலைல வேலைக்கு வந்தப்ப வண்டி அங்க இருந்துச்சான்னு கேளுங்க."

"அது தினம் ஒரு மரத்தடில கிடக்கும். அதைப் போய் யாரு பாப்பா?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து அங்கதான் கிடக்குதுன்னு ஸ்டோர்க்காரன் சொன்னானே," என்றார் முதலாளியம்மா.

"நீங்க பாத்தீங்களா?"

"எனக்கிருந்த ராணிக் கவலைல வண்டியை ஏன் பாக்கறேன்?"

சார்ஜ்: 79

தகட்டை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா மரத்தடிக்குப் போனாள். குனிந்தாள். பின்சக்கரத்தின் நடுவில் பிரேக் தகடு, சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக இருந்தது. மெழுகின் பிறையை அதன் விளிம்பில் பொருத்தினாள். ரவிக்கை உடம்பில் கை பொருந்துவதுபோல் அப்படியே உட்கார்ந்தது. இரும்பில் மெல்லிய மஞ்சள் பூச்சு. நகத்தால் சுரண்டினாள்; மெழுகு.

இரும்பு இப்போது சில்லென்றிருந்தது.

நிமிரும்போது காதருகே ரீங்காரம். சீட்டுக்குக் கீழே, பேட்டரி அறையின் மூடி விளிம்பில், ஒரு கைப்பிடித் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன. முகவலையால் விசிறினாள். எழுந்து, சுற்றி, மறுபடி அங்கேயே உட்கார்ந்தன. மூடி பூட்டியிருந்தது.

"இதுங்களுக்கும் இன்னைக்குப் புத்தி பிசகிப்போச்சு," என்றார் பின்னால் வந்த முதலாளியம்மா. "பூவை விட்டுட்டு இரும்புல உட்காருதுங்க."

தையல்காரம்மாவின் முகத்தில் எதையோ ஒட்டுக்கேட்டுவிட்ட களை வந்தது. போனை எடுத்தாள்.

"எழுபத்தொன்பது," என்றார் கணவர். "இந்தப் பய மேசையை விரலால தட்டித் தட்டியே என் உயிரை எடுக்கறான். நூறு வரைக்கும் பொறுக்க மாட்டான்போல."

"கிளம்பட்டும். ஏட்டு மேல வரதுக்குப் பைக் கேக்கறார்னு சொல்லி அனுப்புங்க. ஒண்ணு மட்டும் பாருங்க. பேட்டரியை யார் தூக்கறாங்கன்னு."

சார்ஜ்: 96

ஏட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மேட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"நீயாம்மா? கிளம்பு. பேச வேண்டியதை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

சின்னவள் எழுந்தாள். முதல்தடவையாக அண்ணியை நேராகப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றாள் தையல்காரம்மா. "அதோ, பேட்டரி வருது."

பேட்டரி வந்தது. அவள் கணவரின் தோளில். அவர் சட்டை தொப்பலாக நனைந்து, தோள் பக்கம் கசங்கி, கறுத்திருந்தது. பின்னால் கஞ்சிச்சட்டை, மடிப்புக் கலையாமல், வெறுங்கையோடு.

"ஏன் தம்பி, நீ தூக்கலையா?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு அக்கா."

"இறக்கத்துலயே பிடிச்சுக்கிச்சா? நேத்து ஏத்தத்துல தூக்கினப்ப?"

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சரி, மாட்டு. ஏட்டய்யாவுக்கு முட்டி வலி."

"சார்ஜ் போட்ட சூட்டோட மாட்டக்கூடாது. ஆறணும்."

"அப்ப மூடியை மட்டும் திற."

"சாவி... மேல ஸ்டோர்ல..." சொல்லும்போதே அவன் கை பேண்ட் பையை அமுக்கியது. உள்ளே கிணுங்கியது.

"தைச்சவளுக்குத் தெரியாதா அந்தப் பையோட ஆழம்? எடு."

அவன் எடுக்கவில்லை. தையல்காரம்மா தகட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"சார், இந்த மெழுகை உருக்கினது வெயில் இல்ல, இந்த பிரேக். எட்டரை மணிக்கு இது தோசைக்கல்லாட்டம் காய்ஞ்சிருக்கு. நேத்துலேருந்து நிக்கிற வண்டில பிரேக் எப்படிக் காயும்? அப்பதான் மேலேருந்து இறங்கி வந்திருக்கு."

"பேட்டரி மேல இருந்துச்சேம்மா," என்றார் அவள் கணவர், தோளைத் தேய்த்தபடி. அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"இறக்கத்துக்கு எதுக்குங்க பேட்டரி? உருட்டி விட்டா அதுவா வருது! நம்ம எல்லாருக்கும் பேட்டரி இல்லைன்னா வண்டி பொணம்னு ஒரு நினைப்பு. அதைத்தான் இவன் மேசைல வச்சுட்டுப் போனான். பேட்டரி இருந்தா மோட்டார் வண்டியைப் பிடிச்சுக்கும், பிரேக்குக்கு வேலையே இல்ல. அது இல்லாம அந்தச் சரிவு பூரா பிரேக்கை அமுக்கியே வந்தா இரும்பு என்னத்துக்கு ஆகும்? நேத்து சாயங்காலமே பூனையை மேல ஏத்திட்டு வந்து ஸ்டோருக்குப் பின்னால ஒளிச்சிருக்கான். பேட்டரியைத் தோள்ல சுமந்தவன் சட்டை எப்படி இருக்கும்னு இவரைப் பாருங்க. நேத்து என் கடை வாசல்ல நின்னவன் சட்டைல ஒரு சுருக்கம் இல்ல."

"அப்ப ராணிங்க?" என்றார் முதலாளியம்மா.

"தேனீங்களுக்கா புத்தி பிசகிச்சு? அதுங்க காலைலேருந்து இடத்தைக் காட்டிக்கிட்டே இருக்கு. ராணி வாசம் இருக்கிற இடத்துலதானே மொய்க்கும்? பூட்டை நானே உடைச்சிருப்பேன். சின்னவதான் உள்ள வச்சான்னு இவன் சாதிச்சிருப்பான். அதான் சாவியோட வரட்டும்னு இருந்தேன்."

ஏட்டு முட்டி வலியை மறந்து இரண்டு எட்டு வைத்தார். சாவி வெளியே வந்தது. மூடி திறந்தது. பேட்டரி இருக்க வேண்டிய பள்ளத்தில், கஞ்சி போட்ட கைக்குட்டையில் சுற்றி, அந்தப் பெட்டி. முதலாளியம்மா மண்டியிட்டுக் கூண்டுகளைக் காதோரம் வைத்து வைத்துக் கேட்டார். எல்லாம் உயிரோடு இருந்தன.

"அடுத்த பண்ணைல மேனேஜர் வேலை தரேன்னாங்க," என்றான் கஞ்சிச்சட்டை. அவன் சட்டையில் முதல் மடிப்பு விழுந்தது, காலரில், ஏட்டின் கையால்.

திரும்பும் பஸ்ஸில் ஏட்டும் கஞ்சிச்சட்டையும் போனார்கள். முதலாளியம்மா சின்னவளின் கையைப் பிடித்தார். "பைக்கை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. இன்னைக்கு வேலை வேண்டாம்," என்றார்.

"ஏத்தத்துல ஒருத்தர்தான் போகலாம்," என்றாள் தையல்காரம்மா. "அவளைப் போகச் சொல்லுங்க."

"அவங்களைப் போகச் சொல்லுங்க. வயசானவங்க."

"யாருக்கு வயசாச்சுன்னு கேளுங்க!"

இந்த மரியாதை முடிவதற்குள், பேட்டரி மாட்டிய பூனை சத்தமில்லாமல் நழுவியது. திரும்பிப் பார்த்தால், வீங்கிய தோளோடு தையல்காரம்மாவின் கணவர் இரண்டாவது வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்.

இருவரும் நடந்தார்கள். முதல் வளைவில் சின்னவள் அண்ணியை எட்டிப் பிடித்தாள்.

"அண்ணி."

"ம்."

"அந்த ரவிக்கை நிஜமாவே இறுக்கம்தான்."

தையல்காரம்மா நின்றாள். மூச்சு வாங்கியது. ஏற்றத்தால்தான். பையைத் துழாவி அளவு டேப்பை எடுத்தாள்.

"கையைத் தூக்கு."

சின்னவள் நடுப்பாதையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.