விட்டதும் கொடுத்துடணும்

செருப்பின் குதிகாலில் பல் பதிந்திருந்தது. மேலே பத்து, கீழே பத்து, நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. நாய்க்குட்டிக்கோ முன்பற்கள் நான்கு போன வாரம்தான் விழுந்திருந்தன. தையல்காரி செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது பல்லை எண்ணிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் என்று மூலையில் போட்டாள்.

தனியாக இருப்பவளுக்குத் துணையாகட்டும் என்று அண்ணன் கொண்டுவந்து விட்ட குட்டி அது. வாலு என்று கூப்பிட்டாள். பெயருக்கேற்ற சேட்டை. சீப்பு, அளவு நாடா, கடைசியில் ஒரு வாடிக்கையாளரின் புதுத் துணி என்று எல்லாவற்றையும் கடித்துவைத்தது. அதன் பிறகுதான் நாய்ப் பயிற்சியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தாள்.

"வீம்புக்கு எதையும் கடிக்காதுக்கா. உங்க வாசனை எதுல அதிகமோ அதைத்தான் தேடும்," என்றார் அவர். "வாயில இருக்கறதைப் பிடுங்காதீங்க. அதைவிட நல்லதா ஒண்ணை நீட்டி 'விடு'ன்னு சொல்லுங்க. விட்டதும் கொடுத்துடணும். ஒரு தடவை ஏமாத்திட்டீங்கன்னா, அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் விடாது."

பத்தே நாளில் வாலு தேறிவிட்டது. "விடு" என்றால் போதும், பொத்தென்று போட்டுவிட்டு பிஸ்கெட்டுக்கு உட்கார்ந்துவிடும். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

செருப்பில் பல்லைப் பார்த்த மறுநாள், அவள் கட்டிலுக்கடியில் எதையோ மெல்லும் சத்தம் கேட்டது. மண்டியிட்டு, தொங்கிய போர்வைக்குக் கீழே பிஸ்கெட்டை நீட்டி "விடு" என்றாள். சத்தம் நின்றது. இன்னொரு செருப்பு, ஈரமாக, மெதுவாக வெளியே தள்ளப்பட்டது. அப்போது சமையலறையிலிருந்து தண்ணீர் சொட்டும் வாயோடு வாலு ஓடிவந்தது. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பிஸ்கெட்டை வாலு கவ்விக்கொண்டது.

டார்ச் அடித்துப் பார்த்தாள். துணி மூட்டைகள், சுவர், அவ்வளவுதான். போனில் பயிற்சியாளர் சிரித்தார்.

"எலியா இருக்கும்கா. நாளைக்கு ரூமைப் பூட்டிட்டு குட்டியோட உள்ளயே உக்காருங்க. எது கடிக்குதுன்னு கண்ணால பாத்துடலாம்."

மறுநாள் மதியம் அப்படியே செய்தாள். தாழ்ப்பாள் நிற்காத கதவு, அதனால் உள்ளிருந்து சாவி போட்டாள். தோல் வார் கோத்த சாவியைக் கட்டில்மேல் வைத்தாள். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே மழை சோவென்று கொட்ட, இயந்திர எண்ணெய் வாசனைக்கும் நனைந்த நாய் வாசனைக்கும் அடியில், காயாமல் மடித்துவைத்த துணிபோல ஒரு புளித்த வாடை எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்க, அவள் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்தது. காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

மெல்லும் சத்தம். தோலை மெல்லும் சத்தம்.

வாலு அவள் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டில்மேல் சாவி இல்லை.

குட்டி விழித்தது, உறுமியது. அவள் பிடிப்பதற்குள் போர்வைக்குள் பாய்ந்தது. வால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் உள்ளே இழுக்கப்பட்டது. ஒரு சின்ன முனகல், அதோடு சரி.

கதவை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. கத்தினாள், மழையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. குட்டியை விட்டுவிட்டு எங்கே போவது என்று அழுகை வந்தது.

மண்டியிட்டாள். பிஸ்கெட்டை வைத்தாள். "விடு."

பிஸ்கெட் வெளியே தள்ளப்பட்டது.

தலையணையைக் கொடுத்தாள். அதுவும் திரும்பி வந்தது, ஈரமாக.

உங்க வாசனை எதுல அதிகமோ.

வலது கையை நீட்டினாள். இருட்டு. வெதுவெதுப்பு. மணிக்கட்டை ஏதோ மெதுவாகக் கவ்வியது, அழுத்தாமல்.

உடனே வாலு வெளியே வந்தது. அடி எதுவும் இல்லை. வாயில் சாவி. வாலை ஆட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது.

மணிக்கட்டில் மேலே பத்து. கீழே பத்து. அவளால் எண்ண முடிந்தது.

"விடு," என்றாள்.

வாலு சாவியைப் போட்டது. அவளுடைய இடது கைக்கு எட்டாத தூரத்தில். பிஸ்கெட்டுக்காக உட்கார்ந்தது.

"விடு. விடு."

போடுவதற்கு வாலுவிடம் இனி எதுவும் இல்லை. தலையைச் சாய்த்து, கட்டிலுக்கடியில் மெல்லும் சத்தம் தொடங்குவதைக் கேட்டது.