இருமுறை வந்த கோடு

1986, ஆனி மாதம். சாரல் விழுந்த ஒரு காலையில் உலகம்மாள் தன் தம்பி சுந்தரபாண்டியனைக் குற்றாலத்துப் பழைய பங்களாவுக்குக் கூட்டிவந்தாள். டாக்டர் சந்தானகிருஷ்ணன் அங்கேதான் மூளை அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவியை இயக்குவது அவள் வேலை. தம்பிக்கு வலிப்பு. தலையில் அருவி அடித்தால் தீருமென்று அம்மா மூன்று சீசனாக அவனை ஐந்தருவியில் நிறுத்திப் பார்த்துவிட்டாள். தடிமன் பிடித்ததுதான் மிச்சம். அலையை மட்டும் பார்க்கிறேன், மின்சாரம் வைக்க மாட்டேன் என்று டாக்டர் சத்தியம் செய்திருந்தார்.

ரப்பர் தொப்பியை எடுத்ததும் குப்பென்று ஒரு வாடை. உள்ளே நரைமுடி ஒட்டியிருந்தது. கழுவவே இல்லை!

நயினாருடைய முடி.

வடகரை விவசாயி நயினார் போன மாதம் இதே அறையில்தான் செத்தார். "போதும் சார், விட்ருங்க" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச டாக்டர் மின்சாரத்தைக் கூட்டினார். துளித் தூண்டலே மூளையின் போக்கைப் புரட்டிவிடும் என்று நிரூபிக்க வேண்டுமாம். நயினார் நாற்காலியோடு கட்டிய தோல் வாரை அறுத்துக்கொண்டு எழுந்து, சுவரில் மோதி மோதியே மண்டையை உடைத்துக்கொண்டார். அந்த வாரை மாட்டியவள் உலகம்மாள்.

தொப்பியைத் துடைத்துத் தம்பிக்குப் போட்டாள். விழாமலிருக்க வாரையும் மாட்டினாள். பேனாக்கள் ஓடின. அவை தாளில் இழுக்கும் கோடு தாறுமாறாக ஓடினால் மூளை நலம், ஒரே ஒழுங்காக ஓடினால்தான் வலிப்பு. தாறுமாறான கோடு ஒருமுறை வந்தது போல் மறுமுறை வரவே வராது. டாக்டர் தினமும் ஓதும் பாடம் அது.

இந்தக் கோட்டை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

நயினாரின் தாளை எடுத்து ஓடும் தாளோடு சேர்த்துப் பிடித்தாள். அச்சு அசல். பழைய தாளில் ஒரு சாண் தள்ளி, பேனாக்கள் தாளைக் கிழித்த இடம் இருந்தது.

"சார், நிறுத்துங்க! இது நயினார் கோடு!"

"உளறாதம்மா. மெஷின் கோளாறு." டாக்டர் குனிந்து பார்த்தார்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

பேனாக்கள் நிற்கவில்லை.

"எக்கா, உள்ளுக்குள்ள யாரோ நிக்காவ" என்று முனகினான் தம்பி. அடுத்து அதே வாயிலிருந்து வந்தது கிழவர் குரல். "போதும்னு சொன்னேம்லா."

தாள் கிழிந்தது.

வார் அறுந்தது. தம்பியின் கை டாக்டரின் முடியைப் பற்றி அவர் தலையைச் சுவரில் மோதியது. நயினாரின் ரத்தத்தை மறைக்க வெள்ளையடித்த அதே இடம். மறுபடியும். மறுபடியும். உலகம்மாள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். டாக்டரின் பல் ஒன்று அவள் காலடியில் வந்து விழுந்தது.

டாக்டரின் சாவு வலிப்பில் நடந்தது என்று கோர்ட் தம்பியை விட்டுவிட்டது. அவனுக்கு எதுவும் நினைவில்லை. அதன்பிறகு வலிப்பும் வரவில்லை. பிழைத்தானே, அது போதும் அவளுக்கு.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குத் தலைவலி. மதுரையில் வேறு டாக்டர், புதுக் கருவி, புதுத் தொப்பி. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தான். பேனாக்கள் ஓடின.

அதே கோடு.

'ஓடிருலே' என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அவள் பிடிக்குள் தம்பியின் விரல்கள் நொறுங்கின.

"எனக்கு வார மாட்டுனவ நீதானட்டி" என்றது அவள் வாய்.