எந்தக் கவர்?

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோட ஆஸ்பத்திரியில நிக்கணும் மேடம். இல்லேன்னா நர்ஸ் வேலை கைநழுவிப் போயிடும்" என்றாள் அந்தப் பெண்.

துப்பறிவாளர் அவளை உட்காரவைத்தார். அவருக்கு உதவியாக இருந்த தங்கை, டாக்ஸி ஓட்டுபவள், உட்காரவே இல்லை.

பெண்ணின் அப்பா சோபா தைக்கும் கடைக்காரர். மூன்று நாளுக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போகுமுன், "உன் சர்டிபிகேட் கவர்ல பத்திரமா இருக்கு" என்றார். கடை இழுப்பறையில் அவள் பெயர் எழுதிய கவர் கிடைத்தது. உள்ளே வெறும் காற்று. கடைச் சாவி அங்கே வேலை பார்க்கும் தையல்காரரிடமும் இருந்தது. அவர்தான் எடுத்திருப்பார் என்று அத்தை வாய்க்கு வந்தபடி ஏச, மனிதர் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"அந்த ஆளை நாலு கேள்வி கேட்டா கக்கிடுவாரு அக்கா!" தங்கை துள்ளினாள்.

"முதல்ல கடையைப் பார்ப்போம்."

கடையில் கூரை ஒழுகி, சுவரெல்லாம் ஈரம். நாற்காலி மெத்தைகளின் ரெக்சின் உறைகளுக்கெல்லாம் ஜிப் இருந்தது. அப்பாவின் நாற்காலி முதுகுக்கு மட்டும் கைத்தையல். தங்கை அதைக் கண்டும் காணாமல் கடந்தாள். அக்கா உள்ளங்கை அகலக் கவரைத் திருப்பிப் பார்த்தார்.

"சர்டிபிகேட் எவ்வளவு பெருசு?"

"பெரிய அட்டை மேடம். மடிக்க முடியாது."

"இந்தக் கவரை அப்பா எப்படிச் சொல்வாரு?"

"தபால் உறைன்னுதான்."

அக்கா அத்தையையும் தையல்காரரையும் வரவழைத்தார்.

"கவர்னா தபாலாபீஸ்ல ஒண்ணு, மளிகைக் கடையில பை, இன்சூரன்ஸ்காரர் வாயில வேற. இருபது வருஷம் சோபா தைச்சவருக்கு?"

"மெத்தை உறை!" தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தச் சின்னக் கவருக்குள்ள அந்த அட்டை போகவே போகாது. பசைகூட நனையல, ஒட்டவே இல்ல. வேலையில சேர்ற பொண்ணுக்கு வாழ்த்து வைக்க எடுத்து வச்சிருக்காரு. அட்டை நனையக் கூடாதுன்னா, தண்ணி இறங்காத உறைதான் சரி. அதுல ஒண்ணை மட்டும் ஏன் கையால தைக்கணும்?"

தையல்காரர் நாற்காலியைத் தொட்டார். "இது அவர் தையல்தான். எங்கிட்டகூடச் சொல்லல." கத்தரியால் பதமாகப் பிரித்தார். சுருக்கமில்லாமல் வெளியே வந்தது சான்றிதழ்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

பெண் தையல்காரரைப் பார்த்துக் கைகூப்பினாள். "மன்னிச்சிடுங்க அண்ணே. அத்தை ஏசினப்ப வாயை மூடிட்டு நின்னேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. நாளைக்கு நீ வேலைக்குக் கிளம்பு. உங்கப்பா பக்கத்துல நான் இருக்கேன்."