பெனிலாவின் மேலிணைப்பு

நெல்சன் எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் சிறு தீயில் வைத்துவிட்டு மாடிக்குப் போய் ஆன்டெனாவை மேற்கே திருப்பினான். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் ஆன்டெனாவோடு நின்றார்கள். அவரவர் நினைவுக்கோள் வரும் நேரம்.

அவன் மனைவி பெனிலா இறந்து ஒரு வருடம். தேங்காய் அளவே உள்ள அவளுடைய செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்கள் அவள் குரல் பேசும். அவன் கேட்பதற்குக் கீழிணைப்பு, 437.7 மெகாஹெர்ட்ஸ். அவன் பேசுவதற்கு மேலிணைப்பு, 145.9. சாகப்போகிறவர் தன் அலைவரிசைகளைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். மேலிணைப்பு வேண்டும் என்று கேட்காதவரோடு யாரும் பேசக் கூடாது.

"ஓசூர் வேலைக்கு மறுபடியும் கூப்பிடுறாங்க, பெனி."

ரேடியோ செட்டின் பொத்தானை அழுத்திப் பேசும்போது வழக்கம்போல அவள் குரல் அடைபட்டது. கையை எடுத்ததும் திரும்பியது. "போகாதீங்க. இங்கயே எங்கூட இருங்க."

அவள் நோயில் கிடந்தபோதே வந்த வேலை அது. போன தடவை கூப்பிட்டபோதும் கோளிலிருந்து அவள் குரல் இதையேதான் சொன்னது. அவன் போகவில்லை.

செட்டில்தான் கோளாறு என்று நேற்றுப் புதிது வாங்கியிருந்தான். அதிலும் அடைபட்டது. படியிறங்கும்போது மனம் தானாகப் பெருக்கிப் பார்த்தது. 145.9, மூன்று மடங்கு. 437.7.

அலைவரிசை ஒதுக்கும் குழுவில் பல வருடம் இருந்தவள் பெனிலா. மேலிணைப்பின் மூன்று மடங்கில் கீழிணைப்பை வைத்தால் நம் சத்தமே நம் காதை அடைத்துவிடும் என்று எத்தனையோ கல்லூரிகளின் கோள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். தன் கோளுக்கு இப்படிச் செய்திருக்க மாட்டாள்.

அதே குழுவில் இப்போது அவள் தம்பி ஜோயல் இருக்கிறான். நெல்சன் போன் செய்தான்.

"மேலிணைப்ப யாருலே போட்டது?"

"நாந்தான் அத்தான். அக்கா கீழிணைப்பு மட்டுந்தான் கேட்டா. நீங்க சோறு தண்ணியில்லாம கெடந்தீங்க."

"அப்ப தெனமும் எனக்குப் பதில் சொல்லுறது?"

"நீங்க பேசுறத வச்சு அந்தக் கோள் தானா கத்துக்கிடும். நீங்க கேக்க ஆசப்படுறதச் சொல்லும்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது. நெல்சன் அடுப்பை அணைத்தான்.

"அவ நெசமா, கடைசியா என்னலே சொன்னா?"

"வேண்டாம் அத்தான்."

"சொல்லு."

"ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. 'மேலிணைப்பு வச்சிராத, ஜோயல். அவர ஓசூருக்குப் போகச் சொல்லு.'"