இரண்டாம் வாசலில் ஒரு பதிவு

"அய்யாசாமி அண்ணனை நான்தான் கொன்னுட்டேன்னு சொல்றாங்க சார்."

என்றாள் பவித்ரா. ஓய்வுபெற்ற விஜிலென்ஸ் அதிகாரி குஞ்சிதபாதமும் அவருடைய உதவியாளர் அறிவுச்செல்வனும் குறுக்கிடாமல் கேட்டார்கள்.

நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் சர்வர் அவள் பொறுப்பு. சுரங்கத்துக்குள் யார் போனார், யார் வந்தார் என்பது அதில் பதிவாகும்; ஒருவர் உள்ளே போகும்போது தொடங்கும் பதிவு, அவர் வெளியே வந்தால்தான் முடியும். திங்கட்கிழமை மதியம், உள்ளே யாருமில்லை என்று பட்டியல் காட்டியதால் இரண்டு மணிக்கு கன்வேயர் பெல்ட்டை ஓட்டிவிட்டார்கள். இரண்டாம் வாசல் வழியாகப் போய் ரோலர் மாற்றிக்கொண்டிருந்த அய்யாசாமி நசுங்கிச் செத்தார்.

"பராமரிப்புக்காக ஒன்றரைக்கு நான் கொடுத்தது நிதான நிறுத்தம் சார். நடந்துக்கிட்டிருக்கிற பதிவு முடியறவரைக்கும் காத்திருந்துதான் நிக்கும். எதுக்குக் காத்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாது. வெறும் கறுப்புத் திரை. மேனேஜர் ராஜ்மோகன் சார்கிட்ட சொல்லிட்டு, உள்ள யாராவது இருக்காங்களான்னு விசாரிக்க முதல் வாசலுக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பூட்டல. திரும்பி வந்தா சர்வர் நின்னிருந்துச்சு. மறுபடி ஓடவிட்டேன், பட்டியல்ல யாருமில்ல. என் பேர்ல யாரோ, எதுக்கும் காத்திருக்காத உடனடி நிறுத்தம் கொடுத்திருக்காங்க."

மறுநாள் காலை கம்பெனி அலுவலகத்தில் ராஜ்மோகனும், அய்யாசாமியின் மனைவி ராஜாம்பாளும் இருந்தார்கள்.

"அந்த ரூமுக்குப் போனேன்தான்," என்றார் ராஜ்மோகன். "இரண்டாம் வாசலில் ஒரு பதிவு முடியவில்லைன்னு திரையில இருந்துச்சு. எதையும் தொடாம வந்துட்டேன்."

"பதிவு பாக்கி இருந்தது நிஜம்தானே சார்?" என்று அறிவுச்செல்வன் அவசரப்பட்டான்.

"நிஜம்தான். இவருக்கு அது எப்படித் தெரிந்தது?" என்ற குஞ்சிதபாதம், பவித்ராவைப் பார்த்தார். "சோதனை சர்வரில் இரண்டாம் வாசல் பதிவு ஒன்றைப் பாதியில் விட்டு இரண்டு விதமாகவும் நிறுத்திக் காட்டம்மா."

நிதான நிறுத்தம் கொடுத்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. உடனடி நிறுத்தம் கொடுத்தாள். எழுத்துகள் வந்தன: 'இரண்டாம் வாசலில் ஒரு பதிவு முடியவில்லை. நிறுத்தினால் அழிந்துவிடும். தொடரவா?'

"இந்த வாசகம் உடனடி நிறுத்தம் கேட்டவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், ராஜ்மோகன். நீங்கள் அதை வரி பிசகாமல் சொன்னீர்கள்."

ராஜ்மோகன் ஒப்புக்கொண்டார். "ரெண்டு மணிக்குள்ள பெல்ட் ஓடியாகணும்னு மேலேயிருந்து போன் மேல போன். யாரோ மூடாம விட்ட பதிவுன்னு நெனச்சேன்."

பவித்ராவுக்கு ஆறுதல் வரவில்லை. அந்த ஒரு வரி அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டாம் வாசலுக்கல்லவா ஓடியிருப்பாள்!

அதுவரை அழுதுகொண்டிருந்த ராஜாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தொடரவான்னு கேட்டுச்சே, உள்ள ஆளு இருக்குமோன்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"



"தோணுச்சும்மா," என்றார் ராஜ்மோகன்.